ஆள் மாற்றி அனுப்புகிறோம்

அம்மாவின் முதுகுத்தண்டு முடியும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்திருந்ததைப் பிசியோதெரபி செய்ய வந்த இளைஞர்தான் முதலில் பார்த்தார். விரலால் அழுத்தி எடுத்தார். நல்ல தோல் ஒரு கணம் வெளுத்து, பிறகு நிறம் திரும்பும். அம்மாவின் தோல் வெளுக்கவில்லை. பிறகு புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சுற்றியிருக்கும் இடத்தைவிட இது சூடாக இருக்கிறது, அக்கா. யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று மருத்துவமனையில் கொடுத்த தாளில் அச்சிட்டிருந்தார்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? கருஞ்சாயலாகத்தான் தெரியும். சில சமயம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் கைக்குச் சூடாகவோ கெட்டியாகவோ மட்டும் தட்டுப்படும். இதை எனக்கு அன்றுதான் ஒருவர் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. இரவும் பகலும் கூட இருக்க ஒரு பெண்ணை வைத்திருந்தோம். எழுபத்து நான்கு வயது அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போயிருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவரால் முடியாது.

அந்தப் பெண்ணைக் கோபமாகக் கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொன்னேனா இல்லையா? "பகலில் புரட்டினேன் அக்கா. இரவில் கண் அசந்துவிடுகிறது" என்றார். நான் உடனே ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கவலைப்படாதீர்கள் மேடம், நாளைக்கே ஆள் மாற்றி அனுப்புகிறோம்" என்றார்.

எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் மனம் குமைகிறது. அடுத்து வந்த பெரிய ஆபத்துக்கு வாசல் திறந்தது அந்தப் போன்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, மூக்கில் உணவுக் குழாயும் சிறுநீர்ப் பையுமாக அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நங்கநல்லூர் வீட்டில் அப்பாவும் நானும்தான். தம்பி புணேயில். டிஸ்சார்ஜ் அன்று யாரோ ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் பேசினேன். ஏஜென்சியில் கேட்ட கேள்விகள் மூன்று. நோயாளி எத்தனை கிலோ? டியூப் இருக்கிறதா? பன்னிரண்டு மணி நேர டியூட்டியா, இருபத்து நான்கு மணி நேரமா? என்ன நோய், என்ன மருந்து, எதில் கவனம் வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. முன்பணம் அனுப்பிய இரண்டாம் மணி நேரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் கைப்பையோடு வாசலில் நின்றார்.

வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லோரையும் நாம் சிஸ்டர் என்று அழைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் அழைத்தேன். ஜி.என்.எம். என்றால் மூன்றாண்டு செவிலியர் படிப்பு, ஏ.என்.எம். என்றால் இரண்டாண்டு. படித்து முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழுமம் அது. பதிவு எண்ணைக் கேட்டால் காட்டுவார்கள். நம் வீடுகளுக்கு அதிகமாக வருபவர்கள் அட்டெண்டர்கள். பத்தாம் வகுப்பு படித்துவிட்டு, சில வாரப் பயிற்சியோ, அதுவும் இல்லாமல் ஒரு பழைய ஆளோடு நான்கு நாள் நின்று பார்த்த அனுபவமோ கொண்டு வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் நர்ஸைவிடக் கைத்திறன் உள்ளவர்கள். ஆனால் யாருக்கு என்ன தெரியும் என்று சொல்லும் காகிதம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஏஜென்சியிடம் கேட்டால் "எல்லாம் செய்வார்கள் மேடம்" என்ற பதில்தான். ஊசி போடுவார்களா? செய்வார்கள். டியூப் வழியாக உணவு? செய்வார்கள்.

முதலில் வந்த பெண் கிளம்பியது காலை ஆறு மணிக்கு. புதியவர் வந்து சேர்ந்தது பதினொன்றரைக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. நான் அவசர அவசரமாக மருந்துப் பெட்டி, டயப்பர் இருக்கும் அலமாரி, கஞ்சி வடிகட்டும் துணி எல்லாம் காட்டிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். உணவு கொடுக்கும்போது கட்டிலின் தலைப்பக்கத்தை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை உயர்த்த வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் வந்தவர் அதை ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று என்று நினைத்துவிட்டேன். புதியவர் கேட்கவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியவர் அதற்குள் திண்டிவனம் தாண்டியிருப்பார்.

அன்று மதியம் அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, இருநூறு மில்லி கஞ்சியையும் சிரிஞ்சின் தண்டால் அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறார். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க விட வேண்டியது அது. மாலையில் இருமல். இரவில் காய்ச்சல். விடியற்காலை மூச்சு வாங்கத் தொடங்கியது. உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா. மறுபடியும் ஒன்பது நாள் மருத்துவமனை, அதில் நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

தம்பி புணேயிலிருந்தே அம்மாவின் அறையில் ஒரு கேமரா பொருத்த ஏற்பாடு செய்திருந்தான். அந்த மதியம் முழுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, புறப்பட்டு வந்திருந்த தம்பியும் நானும் அதைப் பார்த்தோம். அந்தப் பெண் அம்மாவின் நெற்றியைத் துடைக்கிறார், வாயோரம் வழிந்ததை ஒற்றி எடுக்கிறார், ஏதோ பேசிக்கொண்டே கஞ்சியைத் தள்ளுகிறார். கொடுமைக்காரி ஒருத்தியைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் அவ்வளவு கனிவாக நடந்துகொண்ட ஒருவரைத்தான் பார்த்தேன். அவருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை என்பதைத் தவிர அந்தக் காட்சியில் வேறு குற்றம் எனக்குத் தெரியவில்லை.

ஏஜென்சியில் இந்த முறை மேலாளரே பேசினார். வருத்தம் தெரிவித்தார். "டிஸ்சார்ஜ் ஆனதும் சொல்லுங்கள் மேடம், நல்ல அனுபவமுள்ள ஆளாக மாற்றி அனுப்புகிறோம்" என்றார். என்ன நடந்தது என்று எழுதி வைத்துக்கொள்வீர்களா, அடுத்த வீட்டுக்குப் போகும் முன் அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவரை இனி டியூப் கேஸுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார். அவ்வளவுதான். மருத்துவமனையில் இது நடந்திருந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு வரியாவது இருக்கும், வார்டுக்குப் பொறுப்பான செவிலியர் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் நடந்ததற்கு எங்கள் கேமராவைத் தவிர வேறு பதிவு இல்லை.

அந்த ஒன்பது நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் விற்பது ஆளை. பராமரிப்பை விற்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆளில் குறை என்றால் வேறு ஆள். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆள் மாறும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். பழையவரின் கையில் இருந்த அறிவு அவரோடு படியிறங்கிப் போய்விடுகிறது. புகார் செய்யும்போதெல்லாம் அந்த ஆபத்தையே மருந்தாக எடுத்து நீட்டுகிறார்கள். நானும் கையேந்தி வாங்கினேன்.

முதல் பெண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்ததும், அடுத்த ஏற்பாடு ஆகும் வரை மூன்று இரவு நானே அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று அலாரம் வைத்தேன். ஒவ்வொரு முறையும் புரட்டி, முதுகுக்கும் முழங்காலுக்கும் நடுவே தலையணை செருகி, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்து, டயப்பர் பார்த்து, மறுபடி படுக்க இருபது நிமிடம் ஆகும். மூன்றாம் இரவு நான்கு மணி அலாரம் அடித்து ஓய்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. பெற்ற மகள், மூன்றே இரவு. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பு வேறொரு வீட்டில் நாற்பது நாள் ஒரு நாள்கூட விடுப்பில்லாமல் இருபத்து நான்கு மணி நேர டியூட்டி பார்த்துவிட்டு, அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவர். நாங்கள் ஒரு நாளைக்குக் கொடுத்தது ஆயிரம் ரூபாய். அவர் கைக்குப் போனது அறுநூற்று ஐம்பது. இருபத்து நான்கு மணி நேர டியூட்டி என்ற சொல்லை நான் கூசாமல் சொல்லியிருக்கிறேன். எந்த உடம்பால் அது முடியும்? அம்மாவின் முதுகில் கறுத்த அந்தத் தோலும் அந்தப் பெண்ணின் தூங்காத நாற்பது இரவும் ஒரே கணக்கில் வருகிறவை.

பிறகு வேறு ஏஜென்சி பார்த்தோம். இந்த முறை கேள்விகளை நான் கேட்டேன். இவர்கள் வேலையை யார் வந்து மேற்பார்வை செய்வார்? ஆள் மாறினால் பழையவரும் புதியவரும் அரை நாளாவது சேர்ந்து இருப்பார்களா? இரவு இரண்டு மணிக்கு டியூப் வெளியே வந்துவிட்டால் நான் யாருக்குப் போன் செய்ய வேண்டும், அவருக்கு நர்ஸிங் தெரியுமா? நான்கு இடங்களில் இந்தக் கேள்விகளே புரியவில்லை. ஐந்தாவது இடத்தில், அதை நடத்தும் பெண்மணி முன்பு அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர், "நீங்கள் ஒருமுறை அடிபட்டவர் போலிருக்கிறது" என்றார். வாரம் ஒரு முறை பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் வந்து குழாயையும் சிறுநீர்ப் பையையும் தோலையும் பார்ப்பார், அட்டெண்டர் இருவர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனது. அப்பாவின் ஓய்வூதியமும் தம்பியின் பங்கும் இருந்ததால் எங்களால் முடிந்தது. பெரும்பாலான வீடுகளால் முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் இந்த வேலை மகள் தலையிலோ மருமகள் தலையிலோதான் விழுகிறது, அவர்களுக்கும் தூக்கம் கிடையாது.

ஒரு நீள நோட்டு வாங்கினேன். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் படுக்க வைத்தது, எவ்வளவு உணவு, எவ்வளவு சிறுநீர், சர்க்கரை அளவு, தோல். இரவு வரும் அக்கா செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர். எழுதச் சற்றுத் தயங்குவார். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது என்பதற்கு இ, வலது என்பதற்கு வ, மல்லாக்க என்றால் ம. நோட்டைப் புரட்டினால் இரவு முழுவதும் இ, வ, ம என்று ஒரு பாட்டுபோல ஓடும். காற்று மெத்தை போட்ட பிறகும் அதை அவர் நிறுத்தவில்லை. மெத்தை இருந்தால் புரட்ட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. கறுத்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்ப்பதும் தவறு. உள்ளே நலிந்துபோன திசுவை அது மேலும் கெடுக்கும். எங்கள் அத்தை ஆசையாக வாங்கி வந்த தைலத்தை அந்த அக்கா பணிவாக வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி.

அதே அக்காதான் நாங்கள் செய்யவிருந்த ஒரு பெரிய தவறைத் தடுத்தவர். அம்மாவுக்கு இன்சுலின் காலையில் இருபது யூனிட். அதை ஊசியில் ஏற்றிப் போடுவது என் வேலை. நம் ஊரில் சின்னக் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட் வகை. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு நூறு யூனிட் வகையும் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஒருநாள் மருந்துக்கடையில் கொடுத்த புதுப் பொட்டலத்தை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் டியூட்டி முடிந்து கிளம்பப் போன அக்கா, "வழக்கமாகச் சிவப்பு மூடிதானே, இது ஏன் வேறு நிறமாக இருக்கிறது?" என்று கேட்டார். அந்த ஆரஞ்சு சிரிஞ்சில் இருபது கோடு வரை ஏற்றியிருந்தால் அம்மாவின் உடம்புக்குள் எட்டு யூனிட்தான் போயிருக்கும். சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று தெரியாமல் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருப்போம். இதற்கு நேர்மாறாக, நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபது கோடு ஏற்றினால் ஐம்பது யூனிட் போய்விடும். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்து. படித்தவள் என்று பெயர் எனக்கு. கவனித்தவர் அவர்.

ஒரு நாள் இரவு, அம்மா தூங்கிய பிறகு, அந்தக் கேமராவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவர் உடை மாற்றுவதும் அந்த அறையில்தான். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அன்றே எடுத்துவிட்டேன். பிறகுதான் மெல்லச் சொன்னார். முன்பு வேலை பார்த்த ஒரு வீட்டில், நோயாளியின் மகன் இரவில் வந்து அறைக் கதவைத் தட்டுவானாம். ஏஜென்சியில் சொன்னதற்கு, "சரி, உனக்கு வேறு வீடு மாற்றித் தருகிறோம்" என்றார்களாம்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச வரவில்லை. எனக்குச் சொன்ன அதே பதில்! எங்களுக்கு ஆள் மாறுகிறது, அவருக்கு வீடு மாறுகிறது. அந்த மகன் இருக்கும் வீட்டுக்கு அடுத்த நாளே வேறொரு பெண் போயிருப்பார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதை அவரிடம் சொன்னேன். அப்படி ஒன்று இருப்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். நாம் ஆள் வைக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அந்தச் சரிபார்ப்பு அவர் மீது வழக்கு இருக்கிறதா என்று சொல்லும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தத் தெரியுமா என்று சொல்லாது. அவர் போய்ப் படுக்கப்போகும் வீடு எப்படிப்பட்டது என்று சரிபார்த்துச் சொல்ல எவரும் இல்லை.

சட்டம் இதை அறவே யோசிக்காமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தபோது வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா அவற்றைச் சேர்த்தது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கப்படும் என்றது. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போனது. நிறைவேறாமலே 2024-இல் அந்த மக்களவையின் காலம் முடிந்தது; மசோதாவும் அதோடு காலாவதியானது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. கொடுமை நடந்தால் அதை அழைக்கலாம். ஆனால் மல்லாக்கப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்ததைக் கொடுமை என்று எந்த மனசாட்சியோடு புகார் செய்வேன்? கற்றுக் கொடுக்காமல் அனுப்பியதைப் புகார் செய்ய எனக்கு ஓர் இடம் வேண்டும். அது இன்னும் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவும் படுக்கையில்தான் இருக்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டம் அந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பதோடு, படுத்திருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பெரியப்பாவைப் பார்க்கப் போனபோது அங்கு வந்திருந்த செவிலியர், பெரியம்மாவின் கையைப் பிடித்து, எந்த இடத்தில் எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அன்றாடப் பராமரிப்புக்கு அந்த வருகை போதாது. அன்றாடம் பெரியம்மாதான், எழுபது வயதில். ஆனாலும் வந்தவருக்கு மேலே கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார், அவர் எழுதி வைக்கும் ஏடு இருக்கிறது. நாங்கள் மாதம் நாற்பத்தைந்தாயிரம் வரை கொடுத்துத் தேடி அலைந்தது அதைத்தான்.

அம்மாவின் முதுகு ஆறிவிட்டது. நான்காம் மாதம் விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்து மூக்குக் குழாயை எடுத்தார்கள். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

போன மாதம் செய்யாறு அக்காவின் மகளுக்குப் பிரசவம். இரண்டு மாதம் ஊருக்குப் போகிறேன் என்றார். புதியவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். இருவருக்கும் சம்பளம் கொடுத்தோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். அக்கா நோட்டைத் திறந்து இ, வ, ம என்றால் என்ன என்று காட்டினார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவின் இடது கையைத் தன் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார்.

"இப்படி இரண்டு விரலால் தட்டினால் தண்ணீர் என்று நினைத்துவிடாதே. தலையணை சூடாகிவிட்டது, திருப்பிப் போடு என்று அர்த்தம். தண்ணீருக்கு உதட்டை மடிப்பார்கள்" என்றார்.

எனக்கே தெரியாது. ஏழு மாதமாக அம்மா தட்டும்போதெல்லாம் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். புதியவர் தலையை ஆட்டினார். அம்மா அவருடைய உள்ளங்கையில் இரண்டு முறை தட்டினார்.